ஐயனாரின் விறகு

பேயை ஒரு கையால் அடித்துத் துரத்தியவன் நான். மல்லாவிப் பக்கம் போய் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

பொய். ஒருவரும் சொல்ல மாட்டார்கள். அந்தப் பேய் போன நேரம் என் இரண்டு கைகளும் ஒரு பாலை மரத்துக் கொப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தன. வந்தது பேய்தானா, அதைத் துரத்தியது யார் என்பதெல்லாம் இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. துரத்தியது நானில்லை என்பது மட்டும் நல்லாகத் தெரியும்.

எனக்கு எழுத்தும் தெரியாது. பள்ளிக்கூடத்துக்கு ஒரு நாள் போனேன். வாத்தியார் என்னைப் பார்த்தார், நான் வாத்தியாரைப் பார்த்தேன், இரண்டு பேருக்கும் பிடிக்கவில்லை. அதனால் நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள். நான் மனுசி என்று சொன்னால் இவள் மனைவி என்று எழுதுகிறாள். என் வாயிலிருந்து வருவதைக் குளிப்பாட்டிப் பவுடர் போட்ட பிறகுதான் கடதாசியில் இருத்துகிறாள்.

குளத்தைத் திருத்திக் காணி கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் நாங்கள். கலியாணம் முடித்த புதிது. ஊரில் எங்களுக்கு இருந்த நிலத்தில் ஒரு மாடு படுத்தால் வால் அடுத்தவன் வளவுக்குள் கிடக்கும். இங்கே வயலும் தந்து, மேட்டுக்காணியும் தந்து, சின்னதாக ஒரு வீடும் தந்தார்கள். ஆனால் அடுத்த வீட்டாரைக் கூப்பிட்டால் கேட்காது. இடையில் காடு.

மனைவிக்குத் தாய் இல்லை. தலைப்பிள்ளைக்குத் தாய்வீடு போவதுதான் எங்கள் வழக்கம். போக வீடில்லாதபடியால் காட்டுக்கு நடுவிலேயே பிள்ளை பிறந்தது. அடுத்த காணிக்கு அப்பால் இருந்த மருத்துவிச்சியக்காதான் வந்து பிள்ளையை எடுத்தார். அவர் எங்களைப் போல வந்து குடியேறியவர் இல்லை. அந்த மண்ணிலேயே பிறந்தவர். வாய் அரிவாள் மாதிரி. கை மட்டும் பஞ்சு.

பிள்ளை பெற்றவளுக்கு நொச்சியும் வேப்பிலையும் போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீர் வார்க்க வேண்டும். வெந்நீருக்கு விறகு பார்ப்பது என் வேலை. மார்கழி மழை. காணி துப்புரவாக்கும்போது நான் வெட்டிப் போட்ட கட்டையெல்லாம் ஊறிப்போய்க் கிடந்தது. அடுப்பில் வைத்தால் புகைதான் வந்தது. நானோ பிறவிச் சோம்பேறி. எங்கே காய்ந்த விறகு சும்மா கிடக்கும் என்று பார்த்துக்கொண்டு போனேன்.

கிடந்தது. காட்டுக்குள் இறங்கும் வண்டில் பாதையில் பெரிய பாலை மரம் ஒன்று நின்றது. அதன் அடியில் ஒரு கல். அந்தப் பக்கத்து ஆட்கள் தேனெடுக்கவோ, மரம் தறிக்கவோ, மாடு தேடவோ காட்டுக்குள் போகுமுன் இலையும் கொப்புமாகப் பச்சைக் குழை ஒன்றை முறித்து அந்த மரத்தின் பதிந்த கொப்பில் தொங்கவிட்டு, "ஐயனே, நீதான் துணை" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். காட்டுக்குக் காவல் ஐயனார். அவருக்கு அவ்வளவே போதும். காய்ந்த குழைகள் வருசக்கணக்காக விழுந்து விழுந்து மரத்தடியில் ஒரு மேடாகக் குவிந்திருந்தன. அந்தப் பாலையின் அடர்த்திக்கு மழைகூட உள்ளே இறங்காது. குவியலின் அடியில் இருந்த சுள்ளி கற்பூரம் மாதிரி.

எங்களுக்குக் கடவுள் என்றால் கோபுரம் வேண்டும், மணி வேண்டும், ஐயர் வேண்டும். இதென்ன, ஆடு கட்டுகிற இடம் மாதிரி இருக்கிறதே என்று முன்பொருநாள் சிரித்தவன் நான். இப்போது அந்த மேட்டையே கட்டாகக் கட்டித் தலையில் தூக்கிக்கொண்டு வந்தேன். வழியில் கண்டவர்கள் எல்லாரும் நின்று பார்த்தார்கள். என் உழைப்பை மெச்சுகிறார்கள் என்று நினைத்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

நல்லாக எரிந்தது. அப்படி எரிந்த அடுப்பை நான் பிறகு கண்டதில்லை. அன்றைக்கும் அடுத்த நாளைக்கும் மனைவிக்கு அந்த வெந்நீர்தான் வார்த்தார்கள்.

மூன்றாம் முறை வெந்நீர் வைக்கக் குசினிக்குள் வந்த மருத்துவிச்சியக்கா மிச்சக் கட்டைப் பார்த்தார். அதற்குள் பாலை, வீரை, முதிரை, நாவல் என்று எல்லாச் சுள்ளியும் இருந்தது. விறகுக்குப் போகிறவன் கண்ட மரத்தில் இலையும் கொப்புமாக ஒவ்வொரு குழை முறித்துக்கொண்டு திரிய மாட்டான். அவருக்கு உடனே விளங்கிவிட்டது. என்னை ஒரு பார்வை பார்த்தார். பிள்ளை பெற்றவள் பயந்துபோவாள் என்று ஒன்றும் பேசாமல், மிச்சத்தைத் தூக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு கொண்டுபோய் மரத்தடியிலேயே போட்டுவிட்டு வந்தார். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? விறகைக் களவெடுத்துக்கொண்டு போகிறார் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகுதான் மனைவியின் பேச்சு நின்றது.

ஒரே நாளில் நிற்கவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். பிறகு அதுவும் இல்லை. சாப்பாடு வைத்தால் ஆறிக் காய்ந்து கிடக்கும். கண் கூரையில் இருக்கும். என் பகிடிக்குச் சிரித்துச் சிரித்தே என்னைக் கட்டிய பெண் அவள். அவளுடைய தகப்பன் என்னிடம் கண்ட தகுதி ஒன்றுமில்லை. மகள் சிரிக்கிறாள் என்றுதான் தந்தார். அந்தச் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. பிள்ளை பிறந்த துடக்குக் கழிக்கிற நாளில் வீடு மெழுகி, எல்லாரும் முழுகி, பிள்ளையைக் கொண்டுபோய் அவள் மடியில் வைத்தார்கள். அவள் கைகள் இரண்டும் பாயில் கிடந்தபடி கிடந்தன. பிள்ளை மடியிலிருந்து நழுவியது. மருத்துவிச்சியக்கா பிடித்துக்கொண்டார்.

இந்த இடத்தில் மகள் எழுதுவதை நிறுத்திவிட்டாள். அந்தப் பிள்ளை இவள்தான்.

"அம்மா என்னைத் தூக்கேல்லையோ?" என்று கேட்கிறாள்.

சொல்கிறேன், எழுது என்கிறேன்.

பிள்ளைக்குப் பால் கொடுத்தது மருத்துவிச்சியக்காவின் மகள். அவளுக்கும் கைப்பிள்ளை இருந்தது. விடியவும் பின்னேரமும் வந்து கொடுத்துவிட்டுப் போவாள். இடையில் மருத்துவிச்சியக்கா பிள்ளையைக் கொண்டுவந்து மனைவியின் மார்பில் வைத்துத் தானே பிடித்துக்கொள்வார். பிள்ளை குடிக்கும். இவள் கூரையைப் பார்ப்பாள். பிள்ளை அழும் நேரங்களில் நான் தூக்கிக்கொண்டு நடப்பேன். பாட்டுத் தெரியாததால் மாட்டுக்குச் சொல்லும் சத்தமெல்லாம் சொல்லி நித்திரையாக்குவேன்.

ஒருநாள் மருத்துவிச்சியக்கா என்னை வெளியில் கூப்பிட்டு விறகின் கதையைச் சொன்னார். அப்படியென்றால் ஐயனார்தான் கோபத்தில் இவளைப் பிடித்துவிட்டாரா என்று கேட்டேன்.

"அவருக்கு உன்னோடை கோவிக்கிறதுதானோ வேலை? அவர் வேலி, தம்பி. நீ வேலியைப் பிடுங்கி அடுப்பிலை வைச்சிட்டாய். அந்த ஓட்டைக்குள்ளாலை ஏதோ வந்திட்டுது" என்றார்.

வந்ததை நானே துரத்துகிறேன் என்று வீரம் பேசினேன். வேப்பங்குழையை எடுத்துக்கொண்டு வீட்டின் மூலை மூலையாய் அடித்தேன். என் சீவியத்தில் கற்ற தூசணம் எல்லாவற்றையும் அந்தப் பேய்க்குச் சொன்னேன். கடைசியில் கூழ்ப்பானை ஒன்று உடைந்தது. கோழி ஒன்று முட்டையை விட்டுவிட்டு ஓடியது. மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு காலமென்றால் சிரித்துச் சிரித்துக் கண்ணால் தண்ணீர் வந்திருக்கும். மருத்துவிச்சியக்கா வாசலில் நின்று சொன்னார்:

"சேவல் கொத்த வந்தாலே மரத்திலை ஏறுறனி. நீ ஆர் பேயோடை சண்டை பிடிக்க? சண்டை பிடிக்கக்கூடிய ஆளிட்டைப் போய்ச் சொல்லு."

யாரிடம் சொல்வது என்பதுதான் என் குழப்பம். ஒருவரிடம் சொல்லி அவர் மறந்துவிட்டால்? அதனால் எல்லாரிடமும் சொன்னேன். அம்மனுக்குப் பொங்கல் என்று நேர்ந்தேன். பிள்ளையாருக்குத் தேங்காய். நாயாற்றிலிருந்து கருவாடு கொண்டுவரும் வேதக்காரக் கிழவனிடம் மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தச் சொன்னேன். முல்லைத்தீவிலிருந்து சைக்கிளில் புடைவைக் கட்டோடு வரும் முஸ்லிம் நானாவிடம், உங்கள் ஆண்டவருக்கு என்ன பிடிக்கும், அதையும் செய்கிறேன் என்றேன்.

நானா சைக்கிளை மரத்தில் சாத்திவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தம்பி, படைச்சவனை நீ கூலிக்கு ஆள் பிடிக்கிற மாதிரிப் பிடிக்கிறாய். அவனுக்கு ஒண்டும் தேவையில்லை. நான் துவாக் கேக்கிறன். நீயும் கேள். கேட்டுப்போட்டுச் சும்மா இரு."

சும்மா இருப்பதுதான் எனக்கு நல்லாகத் தெரிந்த ஒரே தொழில். அந்த நாட்களில் அதுவும் வரவில்லை. ஒரே வண்டிலுக்கு நாலு பக்கமும் மாட்டைப் பூட்டிவிட்டேனோ, ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வண்டில் அசையாமல் நிற்கிறதோ என்று வேறு பயம் பிடித்தது.

அந்த அவசரத்தில்தான் பூசாரியைக் கூட்டிவந்தேன். பேயோட்டுவதில் பேர்போனவர். உடுக்கோடு வந்தார். மனைவிக்கு முன்னால் இருந்து நெடுநேரம் அடித்தார். நீ ஆர், எங்கிருந்து வந்தாய் என்று கேட்டார். மனைவி அவருடைய உடுக்கைப் பார்த்தாள், பிறகு கூரையைப் பார்த்தாள். பிள்ளை மட்டும் உடுக்குச் சத்தத்துக்கு அழுதது.

இது ஊமைப் பேய், வாயால் கேட்டால் பெயர் சொல்லாது, வெள்ளிக்கிழமை பின்னேரம் பிரம்போடு வருகிறேன் என்றார் பூசாரி.

பிரம்பு என்றதும் நான் மனைவியின் கையைப் பார்த்தேன். சாப்பிடாமல் கிடந்த கை, எலும்பும் தோலும். அடி பேய்க்குத்தான் படும், இவளுக்குப் படாது என்று பூசாரி சொன்னார். வேண்டாமென்று மறித்தால் பேய் இவளைக் கொண்டுபோய்விடுமோ என்று பயம். மறிக்காவிட்டால் அடியே கொண்டுபோய்விடுமோ என்று பயம்.

மருத்துவிச்சியக்காவிடம் கேட்டால், பிரம்போடு வருகிறவனை விறாந்தையில் வைத்தே தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். ஆனால் என்னை விடவில்லை. எடுத்ததைத் திருப்பிக் கொடு, நாளாந்தம் ஒரு பச்சைக் குழை கொண்டுபோய்த் தொங்கவிட்டு அவரிடமே கேள் என்றார்.

கொண்டுபோனேன். சாதாரணக் குழை போதுமா, நான் செய்த வேலைக்கு? குளக்கட்டடியில் நின்ற ஆலமரத்தில் நல்ல கொழுத்த குழையாக முறித்துக் கொண்டுபோய்த் தொங்கவிட்டேன். அடுத்த நாள் போனால் என் குழையைக் காணவில்லை. மற்றவர்களின் குழை எல்லாம் அப்படியே தொங்கின. எனக்குப் பெரிய சந்தோசம். திரும்பவும் ஆலங்குழை. திரும்பவும் காணவில்லை. ஐயனார் என் குழையை மட்டும் எடுக்கிறார் என்று மருத்துவிச்சியக்காவிடம் பெருமையாகச் சொன்னேன்.

"உன்ரை குழையை மட்டுமோ?" என்றார். "என்ன குழை?"

ஆலங்குழை என்றேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். உள்ளே பிள்ளை அழுதது. ஓடிவிட்டார். அன்றைக்கு மட்டும் அந்த ஒரு வசனத்தை அவர் சொல்லி முடித்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

வெள்ளிக்கிழமை. பின்னேரம் பூசாரி வருகிறதற்கு முன் ஐயனாரிடம் முடிவாகக் கேட்டுவிடுவோம் என்று, வழக்கத்தைவிடப் பெரிய ஆலங்கொப்பாக இழுத்துக்கொண்டு போனேன். தொங்கவிட்டுக் கும்பிட்டேன். பிரம்பால் அடிக்கவிடவா, வேண்டாமா என்று கேட்டேன். பதிலுக்குப் பின்னால் ஒரு தடி முறிகிற சத்தம் கேட்டது.

திரும்பினேன். யானை. தனி யானை. ஒவ்வொரு நாளும் என் ஆலங்குழையைச் சாப்பிட்டுப் பழகி, இன்றைக்கு நேரத்தோடே வந்து நிற்கிறது.

பிறகு நடந்ததை என் கால்களிடம்தான் கேட்க வேண்டும். நான் பாலை மரத்துக்கு மேலே இருந்தேன். வேட்டி கீழே இருந்தது. ஐயனாரின் தலைக்கு மேலே ஏறி நிற்கிறேன் என்ற எண்ணம்கூட வரவில்லை. யானை ஆறுதலாக ஒவ்வொரு இலையாகத் தின்றது. பிறகு மரத்தில் முதுகைத் தேய்த்தது. மரம் ஆடியது. நானும் ஆடினேன். அப்போது கேட்டேன், என் சீவியத்தில் ஒரு பகிடியும் கலக்காமல் கேட்ட ஒரே வேண்டுதல்:

"ஐயனே, என்னாலை ஏலாது. நீ பார். என்னைக் காப்பாத்து."

என்னை. கவனியுங்கள். மனைவியை என்று கேட்கவில்லை, பிள்ளையை என்று கேட்கவில்லை. அவர்கள் இரண்டு பேரையும் அந்த நேரம் நான் அடியோடு மறந்துபோனேன். வீட்டில் ஒரு பெண் கூரையைப் பார்த்தபடி கிடக்கிறாள் என்பதே நினைவில் இல்லை.

கொஞ்ச நேரத்தில் பாதையில் பூசாரி வந்தார். ஒரு கையில் உடுக்கு, கக்கத்தில் பிரம்பு. நான் மேலிருந்து கத்த வாயெடுத்தேன். யானை திரும்பிப் பார்த்து ஒருமுறை பிளிறியது. பூசாரி உடுக்கையும் பிரம்பையும் போட்டுவிட்டு ஓடிய ஓட்டத்தைக் கண்டவன் உலகத்தில் நான் ஒருவன்தான். யானை பிரம்பின் மேல் கால் வைத்தது. வேண்டுமென்று வைத்ததா, வழியில் கிடந்ததால் வைத்ததா, எனக்குத் தெரியாது.

அந்தப் பிளிறல் ஊரெல்லாம் கேட்டிருக்கிறது. மருத்துவிச்சியக்கா வீட்டார் கதவைப் பூட்டிக்கொண்டார்கள். பின்னேரப் பால் கொடுக்க வருகிற மகளும் வெளியில் இறங்கவில்லை. எங்கள் வீட்டில் மனைவியும் பிள்ளையும் தனியாக.

பொழுது விழும் நேரம் யானை காட்டுக்குள் போனது. பால் கொடுக்கிறவள் இந்தப் பாதையைத் தாண்டி வந்திருக்க மாட்டாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வேட்டியை எடுத்து இடுப்பில் சுற்றியும் சுற்றாமலும் ஓடினேன். எங்கள் படலையடியில் நின்று காது கொடுத்தேன். அழுகைச் சத்தம் இல்லை. அது ஏன் இல்லை என்று நினைக்க எனக்குத் துணிவு வரவில்லை. உள்ளே போனேன்.

மனைவி சுவரில் சாய்ந்து இருந்தாள். பிள்ளை அவள் மடியில். வாய் மார்பில். இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். மருத்துவிச்சியக்கா பிடிக்கவில்லை, இவளே பிடித்திருந்தாள். கண் கூரையில் இல்லை.

நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். சட்டை கிழிந்து, நெஞ்செல்லாம் மரப்பால் ஒட்டி, வேட்டியைக் கையில் பிடித்தபடி நிற்கிற என்னை.

"எங்கை போனனீங்கள்? பிள்ளை எவ்வளவு நேரமா அழுதது" என்றாள்.

பிறகு ஏசத் தொடங்கினாள். வீட்டில் ஒரு சிரட்டைத் தண்ணீர்கூட இல்லை என்றாள். மனிதன் என்றால் பொறுப்பு வேண்டும் என்றாள். நான் வாசலிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். இடையில் மூச்சு வாங்க நிறுத்தியபோது, இன்னும் ஏசு என்று சொல்ல வாய் வந்தது.

மகள் இப்போது எழுதுகிறாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதுகிறாள். எழுத்துக் கோணினால் என்னைக் குறை சொல்லக் கூடாது.

அடுத்த நாளே எல்லாம் சுகமாகிவிட்டது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆகவில்லை. சில நாள் கூரைக்குத் திரும்பிப் போனாள். ஆனால் பிள்ளை அழுதால் திரும்பி வந்தாள். மழைவெள்ளம் வற்றுகிற மாதிரி, எப்போது வற்றியதென்று தெரியாமல் வற்றியது. வயல் வெட்டுகிற காலத்தில் ஒருநாள் நான் கதிர்க்கட்டோடு வரப்பில் சறுக்கிச் சேற்றில் விழுந்தேன். அவள் சிரித்தாள். நான் திரும்பவும் விழுந்து காட்டினேன்.

வென்றது யார் என்பதுதான் பிரச்சினை. பூசாரி சொன்னார், தன் உடுக்குக்குப் பயந்து பேய் யானைக்குள் ஏறிவிட்டதாம், அதனால்தான் தான் ஓடவேண்டி வந்ததாம். நானா கதையைக் கேட்டுவிட்டு அல்ஹம்துலில்லாஹ் என்றார். தன் துவா என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. மெழுகுதிரிக் கிழவன் மாதாவின் கருணை என்றான். மருத்துவிச்சியக்கா, தலைப்பிள்ளைக்காரிகள் சிலருக்கு இப்படி வரும், தாயில்லாத பெண்ணுக்கு இன்னும் கூடுதலாக வரும், சிலருக்குப் போகும், சிலருக்குப் போகாது என்றார். அப்படியென்றால் ஐயனார்? என்று கேட்டேன்.

"போனதை ஆர் போக்கினது எண்டு நினைக்கிறாய்?" என்றார். கூடவே, ஐயனாருக்கு வாகனம் யானை என்பதாவது தெரியுமா என்று கேட்டார். எனக்குத் தெரியாது.

நான் யோசித்துப் பார்த்தேன். நான் அடித்தபோது பானைதான் உடைந்தது. நேர்ந்தபோது குழப்பம்தான் கூடியது. கடைசியில் ஒன்றும் ஏலாமல் மரத்தில் தொங்கி, அதுவும் எனக்காக மட்டும் கேட்டபோது, கேட்காதது கிடைத்தது. இதில் நான் நம்பியதென்று எதைச் சொல்வது? பயந்து கத்தியதை நம்பிக்கை என்று கடவுள் கணக்கெடுப்பாரா? தெரியவில்லை. அதற்குப் பிறகு ஏதாவது கெட்டது வீட்டுக்குள் நுழைகிறது என்று தோன்றினால், என் கோபமோ, என் கள்ளப் புத்தியோ, வேறு ஏதுமோ, நான் வேப்பங்குழை எடுப்பதில்லை. ஒரு பச்சைக் குழையோடு பாலை மரத்தடிக்குப் போய், என்னாலை ஏலாது, நீ பார் என்கிறேன். ஆலங்குழை மட்டும் கொண்டுபோவதில்லை.

மனைவியிடம் ஒரே ஒரு தடவை கேட்டேன். வருசங்கள் போன பிறகு, கொல்லைக்குள் கச்சான் கடலை பிடுங்கிக்கொண்டிருந்தபோது. அன்றைக்கு அந்தப் பேய் எப்படிப் போனது என்று கேட்டேன்.

"என்ன பேய்? பிள்ளை அழுதது, தூக்கினன்" என்றாள்.

அதுக்கு முதலும் அழுததுதானே என்றேன்.

கையில் இருந்த கச்சான் கொடியை அப்படியே வைத்துக்கொண்டு யோசித்தாள். பிறகு காட்டுப் பக்கம் பார்த்தாள். பார்த்துவிட்டு மெல்லச் சொன்னாள்.

மகள் பேனையை நிறுத்தி, "என்ன சொன்னவா, அப்பு?" என்று கேட்கிறாள்.

சொன்னது என்னவென்றால்...

"இஞ்சேருங்கோ. உதிலை இருந்து ரண்டு பேரும் என்ன கதை? வெந்நீருக்கு விறகு இல்லை. கொஞ்சம் எடுத்துக்கொண்டு வாங்கோ."

குசினியிலிருந்து அவள்தான் இப்போது கூப்பிடுகிறாள். பொறு பிள்ளை, வாறன்.

திரும்பவும் குசினியிலிருந்து: "பாத்து எடுங்கோ."